கவுத்துப்பாரு மாமாவும் காணாமல் போன வோல்ட்டும்

மேற்கு மாம்பலத்தில் எந்தப் பொருளும் முகத்தைக் காட்டி ஏமாற்ற முடியாத ஒரே மனிதர் எங்கள் இரண்டாவது மாடி மாமாதான். முகம் அவருக்குப் பொருட்டே இல்லை. மிக்ஸியோ, மேஜை விசிறியோ, தொலைபேசியோ, கைக்கு அகப்பட்டதும் கவிழ்த்துவிடுவார். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படிப்பார். அதற்குப் பிறகுதான் அந்தப் பொருளோடு அவருக்கு அறிமுகம் ஆயிற்று என்று அர்த்தம்.

ஆகவே தெருவில் அவருக்குக் கவுத்துப்பாரு மாமா என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட "கவுத்துப்பாரு வீடு எந்த மாடி சார்?" என்றுதான் கேட்பார். வாசலில் பெயர்ப்பலகை இருந்ததாம். அதன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கழற்றியவர், திரும்ப மாட்டவில்லை.

கிண்டிப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். புதிதாகச் சந்தைக்கு வருகிற அயர்ன் பாக்ஸ், கெட்டில், கிரைண்டர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, சூடாக்கி, சில சமயம் புகையவும் விட்டு, "தேறாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அவர் கைக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது என் மனைவி வத்சலா அடுக்களையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மாமா நேராக உள்ளே போனார். "எத்தனை வாட்?" என்று கேட்டார். "ஐந்நூறு மாமா" என்றாள். அவள் ஜாரின் மூடியைத் திறந்து தேங்காய் போடப் போன அந்த ஒரு கணத்தில் மிக்ஸி, ஜாரோடும் சட்னியோடும், தலைகீழாக நின்றது. சட்னி மேடையிலிருந்து வழிந்து அவர் வேஷ்டியில் இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நானூத்தம்பதுதான் போட்டிருக்கு. உன்னை ஏமாத்தியிருக்கான்" என்றார்.

அன்றைக்கு இட்லிக்கு மிளகாய்ப்பொடி.

டாக்டரிடம் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது, கையில் பட்டை கட்டியிருக்கும்போதே இன்னொரு கையால் கருவியைக் கவிழ்த்தார். தன் மஞ்சப்பையிலிருந்து வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்து, அதன் சிவப்பு, கறுப்பு ஒயர்களைக் கருவியின் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். "ஆறு வோல்ட் இருக்கணும். அஞ்சுதான் இருக்கு. எனக்கு பி.பி. இல்லை டாக்டர், உங்க மிஷினுக்குத்தான் இருக்கு." டாக்டர் அன்று எழுதிக்கொடுத்த மாத்திரை தனக்கா மிஷினுக்கா என்று மாமா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் வீட்டோடு போகிற சமாசாரம். தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததுதான் ஊர் அறிந்தது. எங்கள் கட்டடத்து முதல் மாடிப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். சீர் வரிசையைப் பட்டுத்துணி விரித்து அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா சீரைக் கவிழ்க்க ஆரம்பித்தார். கிரைண்டர், மிக்ஸி, மேஜை விசிறி என்று வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டு படுத்தன. மாப்பிள்ளையின் சித்தப்பா இதைப் பார்த்துவிட்டார். பெண் வீட்டாரே தாங்கள் வைத்த சீரைத் திரும்ப எண்ணுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, "என்ன சார் இது, நாங்க ஒண்ணும் கேக்கலையே?" என்று சத்தம் போட்டார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுண்ணாம்பு ஆகிவிட்டது.

மாமா ஒரு அயர்ன் பாக்ஸை உயர்த்திப் பிடித்து எழுந்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி இதை மட்டும் திருப்பி அனுப்பிச்சுடுங்கோ. எர்த் ஒயர் கிடையாது. மாப்பிள்ளை ஈரக் கையோட தொட்டார்னா..." என்று ஆரம்பித்து, மாப்பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை மங்களகரமான அந்தச் சபையில் விரிவாக விளக்கினார். அயர்ன் பாக்ஸ் திருப்பி அனுப்பப்பட்டது. அடுத்த மூன்று கல்யாணங்களுக்கு மாமாவுக்கு அழைப்பு வரவில்லை.

"நீங்க இதுக்கே அலுத்துக்கறேள்" என்றாள் மாமி ஒரு நாள் வத்சலாவிடம். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு எங்காத்து ரேடியோவைக் கவுத்துப் பார்த்தார். கிளம்பறப்போ எங்கப்பா, 'பொண்ணைப் பிடிச்சிருக்கா?'ன்னு கேட்டார். 'ரேடியோ தேவலை'ன்னார்."

இப்படிப்பட்டவரிடம் போய் நான் சிக்கியது ஒரு பழைய லேப்டாப்பால்.

அதற்கு முன் வத்சலாவின் நண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் விலங்கியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அடையாறு முகத்துவாரத்து நண்டுகள் அவளுடைய விஷயம். விடிந்ததும் சல்வாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவாள். பத்து மணிக்குக் கால் கறுத்து வீடு வருவாள். வீட்டுக்காரம்மா கதவிடுக்கில் நின்று, "உள்ள எதையும் கொண்டு வரலையே?" என்று தினமும் கேட்பார். நான்கு அத்தியாயம் எழுதியாயிற்று. ஐந்தாவது எழுதுவதற்குள் பெண் பிறந்தாள், என் அம்மா படுத்துக்கொண்டாள், ஒன்றன்பின் ஒன்றாக வருஷங்கள் வந்தன. நண்டு நின்றுவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பாதியில் விட்டவர்கள் ஆய்வேட்டை முடித்துக் கொடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே எழுதிய அத்தியாயங்களை முப்பது நாளில் காட்ட வேண்டும், இதுவே கடைசி வாய்ப்பு என்று. வத்சலா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு என்னிடம், "நீங்க காப்பி எடுத்து வெச்சிருக்கேன்னு சொன்னேளே, அதைக் குடுங்கோ" என்றாள்.

சொல்லியிருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன், கிரிக்கெட் பார்த்துக்கொண்டே, "எடுத்து வெச்சாச்சு" என்று சொல்லியிருந்தேன். பீரோவில் என் கையெழுத்தில் "நண்டு – முக்கியம்" என்று எழுதிய ஒரு சி.டி. கிடைத்தது. அதில் எங்கள் ஆபீஸ் கொடைக்கானல் சுற்றுலாப் படங்கள் இருந்தன. ஒரு படத்தில் நான் குதிரைமேல் உட்கார்ந்திருந்தேன். குதிரையின் முகத்தில் இருந்த அறிவுக்களை என் முகத்தில் இல்லை.

வத்சலா கத்தவில்லை. "அந்தக் கரையே இப்ப அந்த எடத்துல இல்லை" என்றாள். அவள் எண்ணிய நண்டுகளை யாரும் திரும்ப எண்ண முடியாது. களக் குறிப்பு நோட்டுகளைக் கரையான் எப்போதோ முடித்திருந்தது. மிச்சம் இருந்தது அவள் அத்தியாயங்களை எழுதிய, பரணில் கிடந்த அந்தப் பழைய லேப்டாப் ஒன்றுதான்.

லேப்டாப் இருந்தது. அடாப்டர் இல்லை. ஒரு போகியன்று பரணைச் சுத்தம் செய்த நான், கறுப்பாக, கனமாக, எதற்கென்று தெரியாமல் கிடந்த ஒரு பெட்டியையும் ஒயரையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டிருந்தேன். லேப்டாப்பை மட்டும் பத்திரமாக மேலே ஏற்றி வைத்தேன். கட்டிலை விற்று மெத்தையைக் காப்பாற்றியவன் என்று என்னைச் சொல்லலாம். என் மாமனார் இதைவிடக் கூர்மையாகச் சொன்னார்.

"இதுல இன்னா சார் கஷ்டம்?" என்றார் மாம்பலம் ரயிலடிப் பக்கம் கடை வைத்திருக்கும் செல்வம். கழுத்துவரை சார்ஜர் ஒயர்கள் தொங்க, நடுவே அவர் முகம் மட்டும் தெரியும். "ஹார்டு டிஸ்க்கைக் கயட்டிட்டு வேற எதுலயாச்சும் மாட்டிப் பாக்கலாம். வந்தா வரும். வராட்டி போவும்."

"போவும்" என்ற சொல் வத்சலாவின் முகத்தில் என்ன செய்தது என்று பார்த்தேன். "வேணாம், வேற வழி சொல்லுங்க" என்றேன்.

செல்வம் ஓர் அடாப்டரை எடுத்து முனையை லேப்டாப்பின் துளையில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "பாத்தியா? உக்காந்துக்கிச்சு. அவ்ளோதான் மேட்டரு."

"வோல்ட் எவ்வளவு?"

"பத்தொம்போது. எல்லா லேப்டாப்பும் பத்தொம்போதுதான் சார். இன்னும் இன்னா யோசிச்சிக்கினுகீற? பின்னு உள்ள போச்சுல்ல?"

போயிற்று. எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. செருப்பு வாங்குகிறவன் கால் நுழைந்தால் போதும் என்றுதானே வாங்குகிறான். வீட்டுக்கு வந்து, மேஜையில் லேப்டாப்பை வைத்து, அடாப்டரைச் சுவரில் மாட்டி, முனையைக் கையில் எடுத்துத் துளைக்கு ஓர் அங்குலம் அருகே கொண்டுபோய்விட்டேன்.

"ஓய்! சொருகாதேயும்!"

வாசலில் மாமா. கையில் கருவேப்பிலைக் கொத்து, மாமி கொடுத்தனுப்பியது. கருவேப்பிலையை என் தலைமேல் போட்டுவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி அசாத்தியப் பிடி.

"இந்த லேப்டாப் எத்தனை வோல்ட் கேக்கறது?"

"பத்தொம்பது."

"யார் சொன்னா?"

"கடைக்காரர்."

"கடைக்காரன் எதைப் பார்த்துச் சொன்னான்?"

"பின் போயிடுத்து மாமா."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "ஒரே பின்னுல பன்னெண்டுலேர்ந்து இருவது வோல்ட் வரைக்கும் பண்றான் ஓய். வோல்ட்டுங்கறது டாக்டர் எழுதற மாத்திரை. அம்பது மில்லிகிராம்னா அம்பதுதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆம்பியர்ங்கறது ஆத்துல இருக்கற அரிசி. கூட இருந்தா தோஷமில்லை, வேணுங்கறதைத்தான் அது எடுத்துக்கும். குறைஞ்சாத்தான் அடுப்படியில ரகளை. கவுத்தும் அதை."

கவிழ்த்தேன். அப்போதுதான் எங்கள் வீட்டுப் பக்தியின் விளைவு வெளிச்சத்துக்கு வந்தது.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்குவேன். மூடிமேல் சந்தனம் வைத்தால் கறை படியும், திரைமேல் வைத்தால் பாழாகும். அடியில் வெள்ளையாக, வழவழவென்று, பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் ஒட்டியது போல ஒரு சதுரம் இருந்தது. அங்கே சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைப்பேன். மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து மேலே ஏற்றிவிடுவேன். ஒரு தடவைகூட சுவிட்சைப் போட்டதில்லை. ஓடாத இயந்திரத்துக்குப் பன்னிரண்டு வருஷம் பூஜை செய்து, அது என்ன சாப்பிடும் என்று எழுதியிருந்த ஒரே இடத்தை அழித்துவிட்டேன்.

மாமா ஸ்டிக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஸ்டிக்கரைப் பார்த்தார். நாற்பது வருஷமாகப் பொருள்களின் அடியைப் படித்து வந்த மனிதருக்கு முதல் முறையாகப் படிக்க ஒன்றுமில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஆயுத பூஜைக்கு உமக்கு வேற ஆயுதமே கிடைக்கலையா?"

அடுத்த மூன்று நாள் எங்கள் கூடத்தில் அகழ்வாராய்ச்சி நடந்தது. மாமா காலை எட்டு மணிக்கு வருவார். ஈரப் பஞ்சு, உலர்ந்த பஞ்சு, டார்ச் லைட், பூதக்கண்ணாடி எல்லாம் மஞ்சப்பையிலிருந்து வெளிவரும். ஸ்டிக்கர்மேல் வாயால் ஊதி ஆவி படியவைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கன்னம் மேஜையில் பட ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். முதல் நாள் மாலை "4.5 A" என்பது மீண்டது. மாமா எழுந்து நின்று கையைத் தட்டினார். இரண்டாம் நாள் வோல்ட் இருந்த இடத்தில் இரண்டாவது இலக்கத்தின் அடிப்பாதி மட்டும் தெரிந்தது. ஒரு வளைவு.

"அஞ்சா இருக்கலாம்" என்றேன்.

"ஆறா இருக்கலாம். எட்டு, ஒன்பது, சைபர், எதுக்கும் அடியில வளைவு உண்டு" என்றார். சற்று யோசித்துவிட்டுத் திருப்தியாகச் சொன்னார்: "ஏழு இல்லை. அது நிச்சயம்."

மூன்றாம் நாள் கணக்குப் போட்டார். "நாலரை ஆம்பியர். பத்தொம்பதால பெருக்கினா எண்பத்தஞ்சரை வாட். எந்த அசடு எண்பத்தஞ்சரை வாட்டுக்கு அடாப்டர் பண்ணுவான்? பதினாறால பெருக்கினா எழுபத்திரண்டு. அது உண்டு, பார்த்திருக்கேன். இருவதால பெருக்கினா தொண்ணூறு. அதுவும் உண்டு."

"அப்போ பதினாறு இல்லேன்னா இருபது."

"ஆமாம்."

"பதினாறைக் குடுத்துப் பார்ப்போமே மாமா? குறைச்சல்தானே? புகையாதே?"

"புகையாது. இருபது கேக்கறதுக்குப் பதினாறு குடுத்தா எழுந்துக்கப் பார்க்கும், விழும், திரும்ப எழுந்துக்கும், விழும். பழைய டிஸ்க் அது. நாலு தடவை அப்படி விழுந்துதுன்னா வத்சலாவோட நண்டெல்லாம் அங்கேயே பிராணனை விட்டுடும். ஊகம் பண்ணலாம் ஓய். ஊகத்தைச் சொருகப்படாது."

இணையத்தில் தேடினேன். அந்த லேப்டாப்பின் முகப்பில் இருந்த பெயரில் பல வருஷங்கள் பல மாடல்கள் வந்திருந்தன. பழையவை பதினாறு, பிந்தியவை இருபது. ஒரு மன்றத்தில் ஒருவர் பதினாறு என்று சத்தியம் செய்தார். அவருக்குக் கீழே இன்னொருவர் இருபது என்று சொல்லி, முதலாமவரின் படிப்பைப் பற்றி விசாரித்திருந்தார். எங்களுடையது எந்த மாடல் என்ற எண்ணும் அதே ஸ்டிக்கரில்தான், குங்குமத்துக்கு நேர் கீழே, இருந்திருந்தது. முப்பது நாளில் ஒன்பது நாள் போய்விட்டது. இரவுச் சாப்பாட்டில் வத்சலா பேசுவதை நிறுத்தியிருந்தாள். ரசம் மட்டும் பேசிற்று, உப்பில்லாமல்.

நான்காம் நாள் காலையில் நானும் மாமாவும் அந்த அரைவட்டத்தின்மேல் இரண்டு தலைகளையும் முட்டவைத்துக்கொண்டிருந்தோம். வத்சலா காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சிறிது நேரம் எங்களைப் பார்த்தாள்.

"மாமா, நண்டு ஆணா பெண்ணான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது தெரியுமா?"

மாமா நிமிர்ந்தார். "தெரியாதும்மா. எங்காத்துல வழக்கமில்லை."

"மேல பார்த்தா தெரியாது. கவுக்கணும். கவுத்தாலும் போறாது. வயித்துல ஒரு மடல் இருக்கும், அதைத் தூக்கிப் பார்க்கணும். அதுக்கடியில இருக்கறதுதான் நிஜம்." சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு பக்கத்துத் தாழ்ப்பாளையும் கட்டைவிரலால் தள்ளி, செத்துப்போன பேட்டரியைச் சட்டென்று வெளியே எடுத்தாள்.

பேட்டரி இருந்த பள்ளத்தில், பன்னிரண்டு ஆயுத பூஜைச் சந்தனமும் எட்டாத இடத்தில், ஒட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே ஒரு சின்ன ஸ்டிக்கர். அதில் முழு மாடல் எண்.

அந்த எண்ணைத் தட்டியதும் கம்பெனியின் பழைய கையேடு வந்தது. பதினாறு வோல்ட். நாலரை ஆம்பியர். நடுமுனை பாசிட்டிவ்.

நான் பத்தொன்பதைக் கொண்டுபோய் ஓர் அங்குலம் தூரத்தில் வைத்திருந்தேன். மாமா அந்தச் சின்ன ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "இவளை ஏன் ஓய் மூணு நாள் அடுக்களையில உட்கார்த்தி வெச்சீர்?" என்றார். நான் உட்கார்த்தி வைத்தேனாம்! ஆனால் மூன்று நாளில் இரண்டு பேருமே அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உண்மை.

மாமாவே என்னோடு செல்வம் கடைக்கு வந்தார். "பதினாறு வோல்ட், நாலரை ஆம்பியர்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு அடாப்டரையும் பிளக்கில் மாட்டி மீட்டரை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"யோவ் பெர்சு, இன்னாத்துக்கு எல்லாத்தையும் நோண்டிக்கினுகீற? கடைக்கு ரெய்டு வந்தியா?"

"இதுல பத்தொம்பதுன்னு போட்டிருக்கு. இருபத்திரண்டு வரது. இதை யாருக்கும் குடுக்காதே."

"அட, மெய்யாலுமா?" செல்வம் மீட்டரை எட்டிப் பார்த்தார். "அப்ப இந்தாண்ட இருக்கறத பாரு நைனா... இத்தையும் பாரு..."

அரை மணியில் இரண்டு பேரும் கடையையே தலைகீழாக்கியிருந்தார்கள். நான்கு அடாப்டர்கள் தேறாதென்று ஓரம் கட்டப்பட்டன. கடைசியில் கல்லாவுக்கு அடியில் இருந்த சாக்கிலிருந்து, பழசுதான், ஆனால் அதே கம்பெனியின் பதினாறு வோல்ட் ஒன்று வெளிவந்தது. மீட்டர் பதினாறு புள்ளி ஒன்று காட்டியது. மாமா அதைக் கவிழ்த்துப் படித்து, துண்டால் துடைத்து, மஞ்சப்பைக்குள் குழந்தையை வைப்பதுபோல வைத்தார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது செல்வம் சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தார்.

வீட்டில் மாமாதான் சொருகினார். லேப்டாப் ஒரு பெருமூச்சு விட்டது, விசிறி இருமியது, திரை மஞ்சளாக வெளுத்து, யோசித்து, விழித்தது. வத்சலா கோப்புகளைத் தேடித் திறந்தாள். நான்கு அத்தியாயமும் இருந்தன. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். ஒன்றல்ல, மூன்றில் எடுத்தேன். ஒவ்வொன்றையும் திறந்து கொடைக்கானல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டேன்.

"இப்ப நகருங்கோ" என்றார் மாமா. "லோடு டெஸ்ட் பண்ணணும். ரெண்டு மணி நேரம். சூடாறதான்னு பார்க்கணும்."

பிரதி எடுத்தாகிவிட்டது, இனி எதற்கு டெஸ்ட் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை புறங்கையால் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தார். திரை அணையாமல் இருக்க ஏதாவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த ஆய்வேடு மேலே நகர்ந்தது. நகர்ந்ததை அவர் படிக்க ஆரம்பித்தார். ஸ்டிக்கர் தவிர வேறெதையும் அவர் படித்து நாங்கள் பார்த்ததில்லை. முக்கால் மணி ஆனபோது கவனித்தேன். அவர் அடாப்டரைத் தொட மறந்திருந்தார்.

"வத்சலா, எத்தனை நண்டைக் கவுத்துப் பார்த்திருப்பே?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும் மாமா."

"எல்லாத்தையுமா? மடலைத் தூக்கி?"

"எல்லாத்தையும்தான். பார்க்காம எப்படி எழுதறது?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரிசோதனைக் கூடத்துல எங்கூட நாலு பேர் வேலை பார்த்தா. பத்துல ஒண்ணைக் கவுத்துப் பார்த்துட்டு மீதி ஒன்பதுக்கும் கையெழுத்தைப் போட்டுடுவா. நான் பத்தையும் பார்ப்பேன். 'உமக்கு வேற வேலையில்லையா?'ம்பா." மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஆயிரம்!"

இரண்டு மணி நேரம் என்றவர் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மாமி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். நான்காவது அத்தியாயத்தின் கடைசி வரி வந்ததும், "மீதி எங்கே?" என்றார்.

"இனிமேத்தான் எழுதணும்."

நான் குறுக்கிட்டேன். "அதான் பிரதி எடுத்தாச்சே மாமா. மீதியைப் புது லேப்டாப்புல எழுதிக்குவா."

"ஆமாம், ஆமாம். அதான் சரி" என்றார். மீட்டர் ஒயர்களை மெதுவாகச் சுற்றினார். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினார். "அப்போ இந்த அடாப்டர் வேண்டியிருக்காது."

"இல்லை மாமா" என்றாள் வத்சலா. "புதுசுல எனக்கு எழுத ஓடாது. இதுலயேதான் எழுதப்போறேன். வாரத்துக்கு ஒரு நாள் வந்து சூடு பார்த்துட்டுப் போங்கோ."

ஒரு பக்கம் திறக்க ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம் எடுக்கும் அந்தக் கிழட்டு லேப்டாப்பில், அவள் ஐந்தாவது அத்தியாயத்தை முழுசாக எழுதினாள். ஞாயிறுதோறும் பத்து மணிக்கு மாமா வருவார். புறங்கையை வைப்பார். "சூடில்லை" என்பார். பிறகு அந்த வாரம் எழுதியதைப் படிப்பார். ஆறு மாதம் கழித்து வத்சலா டாக்டர் ஆனாள். பட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது மாமா அதைக் கவிழ்த்துப் பார்த்தாரா என்று கேட்பீர்கள். பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. அதற்காக அவர் பல்கலைக்கழகத்தை மன்னித்தார்.

போன வருஷம் அவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி மாமியின் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. கொட்டிவாக்கத்தில் மகன் வீடு. அங்கே எல்லாமே சுவரோடு பதித்த சாமான்களாம், எதையும் கவிழ்க்க முடியவில்லை என்று மாமி போனில் சொன்னாள்; நிம்மதியாகத்தான் சொன்னாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாமாவிடமிருந்து போன் வந்துவிடும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "அடாப்டர் சூடாறதா?" என்பார். வத்சலா ஒரு நிமிஷம் இருங்கோ என்று போய், தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "இல்லை மாமா, சூடே இல்லை" என்பாள். அவள் புது லேப்டாப்புக்கு மாறி வெகு நாளாயிற்று. பழையதில் இப்போது செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் மாமாவிடம் பார்க்காமல் சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி. அதனால் ஞாயிறு காலையில் குளித்துவிட்டு வந்ததும், ஒன்பது மணிக்கே, அதைச் சொருகி ஓடவிட்டுவிடுவாள்.

போன ஞாயிறு அவள் ஊரில் இல்லை. எட்டரைக்கே நான் சொருகிவிட்டேன்.